ஒரே இரவுக்கான உடை: ஹாலோவீன் வேடமும் ஃபேஷனும்

சூனியக்காரி உடை, கடற்கொள்ளைக்காரச் சிறுவன் உடை, அரபு ஷேக் உடை. 2003-இல் அமெரிக்காவின் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் இவற்றை வைத்துக்கொண்டு ஒரு கேள்விக்குப் பதில் தேடியது. இவையெல்லாம் ஆடைகளா, இல்லை பண்டிகைப் பொருள்களா? வழக்குத் தொடுத்தது நியூயார்க்கைச் சேர்ந்த ரூபீஸ் என்ற வேட உடை நிறுவனம். அக்டோபர் 31 இரவில் வேடமிட்டுக் கொண்டாடும் பண்டிகை ஹாலோவீன். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் ஹாலோவீன் உடைகளைச் சுங்கத் துறை பண்டிகைப் பொருள் என்று வகைப்படுத்தி, இறக்குமதித் தீர்வை இல்லாமல் உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. உள்நாட்டில் தைத்து விற்ற ரூபீஸுக்கு இது பெரிய அடி. இவை துணியால் ஆனவை, உடம்பில் போட்டுக்கொள்பவை, ஆகவே ஆடைகள்தான், தீர்வை வாங்குங்கள் என்று அது வாதிட்டது. கீழ் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. மெலிந்த துணி, நீடிக்காத தையல், ஒரு கொண்டாட்ட இரவைத் தாண்டிப் பயன்படாத தன்மை, இதெல்லாம் சேர்ந்ததை வழக்கமான ஆடை என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம்.

சுங்க அதிகாரிகள் இதைத் தீர்மானிக்கப் பார்க்கும் அடையாளங்கள் எந்தத் தையல்காரருக்கும் தெரிந்தவைதான். துணியின் ஓரத்தை மடித்து அடித்திருக்கிறார்களா, அப்படியே வெட்டி விட்டிருக்கிறார்களா? ஜிப் இருக்கிறதா, வெறும் ஒட்டுப் பட்டையா? இடுப்பிலும் மார்பிலும் உடம்புக்கு ஏற்றபடி பிடித்துத் தைத்திருக்கிறார்களா? பதினாறு ஆண்டுகள் கழித்து, 2019-இல், அதே ரூபீஸ் அதே நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்க வாதத்தோடு வந்தது. இந்தத் தடவை அதுவே இறக்குமதியாளர். தான் கொண்டுவரும் கிறிஸ்துமஸ் தாத்தா உடை பண்டிகைப் பொருள்தான் என்றது. அந்த உடையின் மேல்சட்டைக்கு உள்துணி இருந்தது, ஜிப் இருந்தது. பல தடவை போடும்படி ஒழுங்காகத் தைத்திருந்தார்கள். ஆகவே சட்டையும் கால்சட்டையும் ஆடைகளே என்று தீர்ப்பு வந்தது.

ஹாலோவீன் உடைக்கும் ஃபேஷனுக்கும் என்ன உறவு என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் திரைப்படங்களையும் நட்சத்திரங்களையும் பற்றி எழுதுகிறார்கள். அதுவும் உண்மைதான், அதற்கும் வருகிறேன். ஆனால் இந்த இரண்டு தீர்ப்புகளில்தான் விஷயத்தின் மையம் இருப்பதாக நினைக்கிறேன். வேடத்தையும் உடையையும் பிரிப்பது வடிவமோ நிறமோ இல்லை. அதை எத்தனை தடவை உடுத்தலாம் என்று நினைத்துத் தைத்தார்கள் என்பதுதான். கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் அந்தக் கோடு அழிந்துகொண்டே வருகிறது. வேடங்கள் தரம் கூடியதால் அது அழியவில்லை. அன்றாட உடைகள் வேடங்களைப் போலத் தைக்கப்படுவதால் அழிகிறது.

பழைய காலத்தில் இப்படி இல்லை. 1883 மார்ச் 26 அன்று நியூயார்க்கில் வாண்டர்பில்ட் குடும்பம் ஒரு மாறுவேட விருந்து நடத்தியது. அதற்கு ஆலிஸ் வாண்டர்பில்ட் மின்விளக்காக வேடமிட்டுப் போனார். மன்ஹாட்டனில் எடிசனின் மின் நிலையம் இயங்கத் தொடங்கி ஓர் ஆண்டுகூட ஆகாத நேரம் அது. பொன்னும் வெள்ளியுமாக இழைத்த அந்த உடையைத் தைத்துக் கொடுத்தது பாரிஸின் வொர்த் நிறுவனம். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய சார்லஸ் ஃபிரெடெரிக் வொர்த்தைத்தான் இன்றைய உயர்தர ஃபேஷன் தொழிலின் தந்தை என்கிறார்கள். திருமண உடைக்கும் மாறுவேடத்துக்கும் அங்கே ஒரே தையற்கூடம், ஒரே கைகள், ஒரே கவனம். அந்த உடை இன்றும் நியூயார்க் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓரிரவு போட்டதுதான், ஆனால் நூறாண்டுகளைத் தாண்டி நிற்கிறது.

அது பணக்காரர்களின் மாறுவேடம். ஹாலோவீனின் வேர் வேறு. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அக்டோபர் 31 இரவில் பிள்ளைகளும் இளைஞர்களும் கிழிந்த பழைய துணிகளைச் சுற்றிக்கொண்டு, முகத்தை மறைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். அழகு அதன் நோக்கமே இல்லை. அடையாளம் தெரியக் கூடாது, அவ்வளவுதான். அங்கிருந்து புலம்பெயர்ந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பழக்கத்தை வட அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் அது வியாபாரமானது.

முதலில் வந்தது காகிதம். மாசசூசெட்ஸைச் சேர்ந்த டெனிசன் நிறுவனம் வண்ணச் சுருக்கக் காகிதம் தயாரித்தது. அதை விற்க 1909-இல் ஒரு ஹாலோவீன் கையேட்டை வெளியிட்டது. அப்புறம் பல ஆண்டுகள் புதுப்புதுப் பதிப்புகள் வந்தன. விருந்துக்கு வீட்டை எப்படி அலங்கரிப்பது, காகிதத்தில் சூனியக்காரி பாவாடையும் பூசணித் தொப்பியும் எப்படி வெட்டுவது என்றெல்லாம் படத்தோடு சொன்ன புத்தகம். அந்தப் படங்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். 1920-களின் காகித வேடங்களில் இடுப்பு கீழே இறங்கியிருக்கும், பாவாடை முழங்காலுக்கு ஏறியிருக்கும். அந்தப் பத்தாண்டின் பெண்கள் வீதியில் போட்டுக்கொண்டு போன அதே வெட்டு. வேடத்தைத் தைப்பவள் வீட்டில் இருக்கும் பெண். அவள் கைக்குப் பழகியது அன்றைய ஃபேஷன். அது வேடத்திலும் வந்துவிட்டது.

இந்த இணைப்பைத் துண்டித்தது பெட்டியில் வந்த வேடம். பென் கூப்பர் முதலில் நாடகத்துக்கு உடை செய்தவர். நியூயார்க்கின் காட்டன் கிளப் மேடைக்கு வேலை செய்தவர். 1930-களின் பிற்பகுதியில் புரூக்ளினில் ஹாலோவீன் உடைகளில் இறங்கினார். டிஸ்னி போன்ற நிறுவனங்களிடம் உரிமம் வாங்கிக் கதாபாத்திரங்களை விற்றார். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஹாலோவீன் என்றாலே அந்தப் பெட்டிதான். மேலே கண்ணாடித்தாள் சன்னல், உள்ளே ரப்பர் நாடா கோத்த மெல்லிய பிளாஸ்டிக் முகமூடி, அடியில் முதுகுப் பக்கம் முடிச்சுப் போடும் ஓர் அங்கி. அந்த அங்கியில் கதாபாத்திரத்தின் உடையையே வரைந்திருக்க மாட்டார்கள். பல நேரம் கதாபாத்திரத்தின் படமும் பெயரும் நெஞ்சில் அச்சாகியிருக்கும். சூப்பர்மேனாக வேடமிட்ட பையனின் நெஞ்சில் சூப்பர்மேன் பறந்துகொண்டிருப்பார். தையல் நுணுக்கம் தேவைப்படாத பொருள் இது. வெட்டு எல்லா வேடத்துக்கும் ஒன்றே, அச்சுதான் மாறும். பின்னால் வந்த கதாபாத்திரப் பனியன்களுக்கும் இன்றைய உரிமம் பெற்ற ஆடை வியாபாரத்துக்கும் இதில் ஒரு முன்மாதிரி இருக்கிறது என்றே சொல்வேன்.

அந்தக் காலத்தில்தான் இன்னொரு சட்டமும் பிறந்தது. 1940-களில் அமெரிக்கச் சிறுவர்களுக்குக் கௌபாய் விளையாட்டு உடைகள் விற்றார்கள். கால்சட்டைக்கு மேல் கட்டும் பகுதியில் நீண்ட ரேயான் ரோமம் வைத்திருந்தது. ஒரு பொறி பட்டாலே குபீரென்று பிடித்துக்கொள்ளும். பிள்ளைகள் எரிந்து இறந்தார்கள். கொஞ்ச காலம் கழித்து அதேபோல மயிர்த்தன்மை கொண்ட ரேயான் ஸ்வெட்டர்கள் பெரியவர்களின் ஃபேஷனாகச் சந்தைக்கு வந்தன, அவையும் எரிந்தன. இரண்டும் சேர்ந்துதான் 1953-இல் எரியும் துணிகள் சட்டம் வந்தது. அமெரிக்காவில் இன்று விற்கும் ஒவ்வொரு சட்டையும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. ஹாலோவீன் உடையும் அப்படியே. அதாவது துறைமுகத்தில் பண்டிகைப் பொருளாக இறங்கும் அதே உடை, தீப்பாதுகாப்புச் சட்டத்தின் முன் ஆடையாக நிற்கிறது. ஐரோப்பாவில் குழந்தைகளின் வேட உடை பொம்மைகளுக்கான பாதுகாப்பு விதிகளின் கீழ் வருகிறது. இங்கிலாந்தில் குழந்தைகளின் இரவு உடைகளுக்கு இருக்கும் தீத்தடுப்பு விதி இதைவிடக் கடுமை. 2014-இல் ஒரு சிறுமியின் சூனியக்காரி உடையில் பூசணிக்குள் வைத்த மெழுகுவர்த்தியின் சுடர் பற்றிக் கடுமையான காயம் பட்ட பிறகுதான் இந்த வித்தியாசம் அங்கே பொதுப் பேச்சானது. அதன் பிறகு சில்லறை வியாபாரிகள் தாமாகக் கூடுதல் சோதனைகளை ஏற்றுக்கொண்டார்கள். ஒரு பொருளை என்ன பெயரில் வகைப்படுத்துகிறோம் என்பது குழந்தையின் தோல்வரை போகிற விஷயம்.

பெரியவர்கள் ஹாலோவீனுக்குள் வந்த கதைக்கு 1970-கள் முக்கியம். சான் பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ பகுதியில் ஓரினச்சேர்க்கையாளர்கள் அந்த இரவைத் தங்கள் தெருவிழாவாக்கினார்கள். நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் 1974-இல் ரால்ஃப் லீ என்ற முகமூடிக் கலைஞர் ஓர் ஊர்வலத்தைத் தொடங்கினார். இரண்டிலும் வேடங்களைக் கையால் செய்தார்கள், மிகையாகச் செய்தார்கள், பார்ப்பவர் பேச்சிழக்க வேண்டும் என்று செய்தார்கள். அமெரிக்கப் பெரியவர்களுக்கு வேடமிடும் துணிச்சலைக் கொடுத்தது பெட்டி உடை இல்லை, இந்தத் தெருக்கள்தான். அதன் வழித்தோன்றலாகவே ஹைடி க்ளூமின் விருந்துகளைப் பார்க்கிறேன். மாடல் அழகியான அவர் 2000 முதல் நடத்திவரும் ஹாலோவீன் விருந்தில், 2022-இல் முகமும் கைகாலும் தெரியாத பெரிய மண்புழுவாக வந்து தரையில் நெளிந்தார். உடலை அழகாகக் காட்டுவதே தொழிலான ஒருவர், அந்த ஓர் இரவில் அதை முழுக்க மறைத்துக்கொள்கிறார். ஃபேஷனால் தர முடியாத ஒரு விடுதலை அதில் இருக்கிறது.

சரி, வேடங்களின் உருவங்கள் எங்கிருந்து வருகின்றன? இதைத்தான் நான் அதிகம் ரசிக்கிறேன். ஹாலோவீன் கடையில் தொங்குபவற்றில் பாதி, வழக்கொழிந்த ஃபேஷன்கள். ரத்தக் காட்டேரியை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை, கறுப்பு மேலங்கி. 1931-இல் நடிகர் பேலா லுகோசி திரையில் டிராகுலாவாக வந்தபோது அணிந்தது, அன்றைய பணக்கார ஆண்கள் ஓபராவுக்குப் போட்டுக்கொண்டு போன மாலை உடைதான். நிமிர்ந்து நிற்கும் பெரிய காலர் மட்டும் நாடகத்திலிருந்து வந்தது. 1924-இல் ஹாமில்டன் டீன் இங்கிலாந்தில் மேடையேற்றியபோது, டிராகுலா திடீரென மறைவதுபோலக் காட்ட வேண்டியிருந்தது. பார்வையாளர்களுக்கு முதுகைத் திருப்பி நிற்கும் நடிகரின் தலையை அந்தக் காலர் மறைக்கும், அவர் மேலங்கியிலிருந்து நழுவித் தரைக் கதவு வழியே இறங்கிவிடுவார். ஆண்கள் மாலை மேலங்கி போடுவதை விட்டுவிட்டார்கள், காட்டேரி விடவில்லை. இன்று கறுப்பு மேலங்கி போட்ட ஆணைப் பார்த்தால் கனவான் என்று யாருக்கும் தோன்றாது.

1920-களின் குஞ்சம் வைத்த உடை, 1950-களின் விரிந்த பாவாடை, 1970-களின் டிஸ்கோ கால்சட்டை எல்லாமே இப்போது பாக்கெட்டில் அடைத்த வேடங்கள். அப்படி அடைபடும்போது ஒரு பத்தாண்டின் ஆயிரம் வகை உடைகள் ஒரே ஒரு உருவமாகச் சுருங்கிப்போகின்றன. 1920-களில் அமெரிக்கப் பெண்கள் பெரும்பாலோர் அந்தக் குஞ்ச உடையைப் போட்டதே இல்லை. ஆனால் நம் மனத்தில் அந்தக் காலம் அதுதான். வேடக் கடை மக்களுக்கு உடை வரலாறு சொல்லித்தரும் இடமாகவும் இருக்கிறது, தவறாகச் சொல்லித்தந்தாலும்.

எதிர்த்திசைப் போக்குவரத்தும் உண்டு. 1938-இல் ஃபேஷன் வடிவமைப்பாளர் எல்சா ஸ்கியாபரெல்லி, ஓவியர் சால்வடோர் டாலியோடு சேர்ந்து ஓர் எலும்புக்கூடு உடை செய்தார். கறுப்புத் துணியில் விலா எலும்பும் முதுகெலும்பும் புடைத்து நிற்கும். ஹாலோவீன் எலும்புக்கூடு வேடத்தில் எலும்பு வெள்ளையாக அச்சாகியிருக்கும். இங்கே துணிக்கு உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தே எலும்பைக் கொண்டுவந்தார்கள். வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்வீன் 2007-இல் ஒரு முழுத் தொகுப்பையே, 1692-இல் அமெரிக்காவின் சேலம் நகர வழக்குகளில் சூனியக்காரி என்று தூக்கிலிடப்பட்ட எலிசபெத் ஹோவின் நினைவாகச் செய்தார். அவர் தன் தாய்வழி முன்னோர் என்று மெக்வீன் சொல்லியிருந்தார். கூம்புத் தொப்பி வேடத்துக்குப் பின்னால் கொல்லப்பட்ட ஒரு பெண் இருக்கிறாள் என்பதை ஃபேஷன் மேடையில் நினைவூட்டியது சிறிய காரியமில்லை. இத்தாலிய ஃபேஷன் நிறுவனமான பிராடா 2019-இல் ஆண்களின் சட்டைகளில் ஃபிராங்கன்ஸ்டைனின் உருவத்தை அச்சிட்டது. பென் கூப்பரின் அங்கியும் நெஞ்சில் படம் போட்டதுதான். வித்தியாசம் துணியிலும் தையலிலும் விலையிலும்.

இன்றைக்கு மாறியிருப்பது வேகம். 2001 ஆஸ்கர் விழாவில் பாடகி பியோர்க் அணிந்த அன்ன உடையை அன்று பத்திரிகைகள் கேலி செய்தன. மரியான் பெஜோஸ்கி வடிவமைத்தது அது. அப்புறம் அது ஹாலோவீனில் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் போடும் வேடமானது. 2022 நவம்பரில் வெளியான வெட்னஸ்டே தொடரில் நாயகி கறுப்பு உடையில் நடனமாடும் காட்சி இணையமெங்கும் பரவியது. அந்த உடை வேடத் தயாரிப்பாளர் செய்ததில்லை. அலாயா என்ற பாரிஸ் ஃபேஷன் நிறுவனத்தின் உடை, ஆடை வடிவமைப்பாளர் காலீன் அட்வுட் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஹாலோவீனுக்குள் அதன் பாலியஸ்டர் நகல் சிறுமிகளின் அளவில் கடைகளில் தொங்கியது. பாரிஸில் தைத்த உடை படமாகி, படம் வேடமாகி, வேடம் குழந்தையின் உடம்புக்கு வர ஓர் ஆண்டு போதும்.

இப்படி நகலெடுப்பது சட்டப்படி எப்படிச் சாத்தியம்? அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் உடையின் வெட்டைப் பாதுகாப்பதில்லை, உடை பயன்பாட்டுப் பொருள் என்பதால். முகமூடியை 1990-லேயே ஒரு நீதிமன்றம் பாதுகாக்கத்தக்கது என்றுவிட்டது. முழு வேடத்தை மென்மையான சிற்பம் என்று பதிவு செய்துவைத்த ஒரு நிறுவனத்தின் பதிவுகளை அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு நீதிமன்றம் செல்லாது என்றது, அவை உடைகள் என்பதைப் பதிவகத்திடம் மறைத்ததற்காக. 2017-இல் விளையாட்டு உற்சாகக் குழுவினரின் சீருடை பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு அளவுகோல் தந்தது. உடையிலிருந்து கலை அம்சத்தைக் கற்பனையில் பிரித்தெடுத்துத் தனியே வைத்தால் அது தன்னளவில் கலைப்படைப்பாக நிற்குமா? நின்றால் பாதுகாப்பு உண்டு. அந்த அளவுகோலை 2019-இல் சந்தித்தது ஒரு வாழைப்பழ வேடம். அதன் வளைவு, மஞ்சள் நிறம், கறுத்த நுனிகள் எல்லாம் சேர்ந்து ஒரு சிற்பமாக நிற்கும் என்று மூன்றாம் சர்க்யூட் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைக்கும் காலுக்கும் முகத்துக்கும் விட்ட ஓட்டைகளுக்கு மட்டும் பாதுகாப்பில்லை. ஆக, வாழைப்பழ வேடத்துக்கு உரிமை உண்டு. ஒரு வடிவமைப்பாளர் மாதக்கணக்கில் யோசித்துக் கண்டுபிடித்த பாவாடை வெட்டுக்கு அது கிடையாது. உடம்பைப் பொருட்படுத்தாத வடிவத்தைச் சட்டம் கலை என்கிறது, உடம்புக்கு நன்றாகப் பொருந்தும் வடிவத்தைப் பயன்பாடு என்கிறது. தையற்கலைக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

பணத்தையும் பார்த்துவிடலாம். அமெரிக்கச் சில்லறை வணிகக் கூட்டமைப்பின் மதிப்பீட்டில் 2023 ஹாலோவீனுக்கு அமெரிக்கர்கள் செய்த செலவு 1,220 கோடி டாலர். உடைக்கு மட்டும் 410 கோடி. இதில் பெரும்பங்கு பாலியஸ்டர். இங்கிலாந்தில் 2019-இல் ஹப்பப், ஃபேரிலேண்ட் டிரஸ்ட் என்ற இரண்டு அமைப்புகள் 19 கடைகளின் ஹாலோவீன் உடைகளை ஆராய்ந்தபோது, அவற்றின் மூலப்பொருளில் 83 விழுக்காடு பெட்ரோலியத்திலிருந்து வந்த பிளாஸ்டிக். ஆண்டுதோறும் அந்த நாட்டில் வேடங்களால் மட்டும் சேரும் பிளாஸ்டிக் குப்பை சுமார் 2,000 டன் என்று கணக்கிட்டார்கள்.

இதை வைத்து ஹாலோவீனை மட்டும் குற்றம் சொல்வது சரியில்லை. உலகில் உற்பத்தியாகும் மொத்த இழையிலேயே பாதிக்கு மேல் இப்போது பாலியஸ்டர்தான். வேகமாக மாறும் மலிவு உடைகளில் ஓரம் பிரியும் தையலையும், நாலைந்து சலவைக்குள் உருமாறும் துணியையும் பார்க்கும்போது, சுங்க அதிகாரிகளின் பழைய அடையாளப் பட்டியலை அவற்றின் மேல் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. எத்தனை சட்டைகள் ஆடை என்று தேறும்? வேடத்துக்கு ஓரிரவு என்பது அதன் இயல்பு. அலுவலகச் சட்டைக்கு அது இயல்பாக இருக்கக் கூடாது.

நம் கண்ணில் உறுத்தும் இன்னொரு பக்கமும் உண்டு. வேடக் கடைகளில் பாலிவுட் இளவரசி என்ற பெயரில் சேலைபோல ஒரு துணியும் ஒட்டும் பொட்டும் பாக்கெட்டில் வரும். மேலே சொன்ன சுங்க வழக்கிலேயே அரபு ஷேக் ஒரு வேடம். 2011-இல் ஒஹையோ பல்கலைக்கழக மாணவர்கள் நாங்கள் ஒரு பண்பாடு, வேடம் இல்லை என்று சுவரொட்டி இயக்கம் நடத்தியது இதை எதிர்த்துத்தான். ஓரிரவில் கழற்றி எறிய முடிந்தவருக்கு அது வேடம், ஆண்டு முழுக்க அதை உடுத்துபவருக்கு அது உடை. 2024-இல் தீபாவளியும் அக்டோபர் 31 அன்றே வந்தது. டொரொன்டோவிலும் நியூஜெர்சியிலும் அன்று மாலை பட்டுப் பாவாடை கட்டித் தெருவில் இறங்கிய சிறுமியைப் பார்த்து, நல்ல வேடம் என்று யாராவது பாராட்டியிருந்தால் அந்தக் குழந்தை என்ன சொல்லியிருக்கும்? பாராட்டியவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அந்த உடையைக் கடைப் பாக்கெட்டில்தான் தெரியும்.

வேடங்கள் கிடைக்கும் இடங்களும் மாறிவருகின்றன. விருந்துப் பொருள்களுக்குப் பேர்போன பார்ட்டி சிட்டி 2025-இன் தொடக்கத்தில் தன் கடைகளை மூடியது. தையல் துணி விற்ற ஜோஆன் அதே ஆண்டு மே மாதத்துக்குள் எல்லாக் கடைகளையும் மூடியது. ஜோஆன் மூடியதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. தாங்களே வெட்டித் தைப்பவர்கள் துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கிய இடம் அது. மூடிய கடைகளின் கட்டடங்களில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் சில வாரங்களுக்கு ஸ்பிரிட் ஹாலோவீன் என்ற வேடக் கடை குடியேறும். அப்புறம் காலி செய்துவிட்டுப் போகும்.

ஆனால் குட்வில் போன்ற பழைய உடைக் கடைகளுக்கும் அக்டோபர் பெரிய சீசன். காட்டேரி மேலங்கிக்காகப் போகிறவர் யாரோ ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு முன் தைத்த கம்பளிக் கோட்டோடு திரும்புவார். அதற்கு உள்துணி இருக்கும், ஓரம் மடித்து அடித்திருக்கும், பொத்தான் இறுக்கமாக இருக்கும். நவம்பரில் குளிர் தொடங்கும்போது அவர் அதையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம்.